வியாதி வாஸ்தவம், மருந்துதான் தவறு

பத்திரிகை நடத்துகிறவனுக்கென்று ஓர் அபிப்பிராயமும் இருக்கலாகாது என்று நியாயமான மனிதர் யாரும் சொல்லமாட்டார்கள். சார்பே இல்லாத பத்திரிகை என்று ஒன்று எங்கேனும் நடந்துவருமானால், அதைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பதற்கு ஆள் கிடைப்பது அபூர்வம். ஆயினும், அபிப்பிராயத்தைத் தலையங்கத்தோடு நிறுத்திக்கொண்டு செய்தியைச் செய்தியாகக் கொடுப்பது என்கிற சம்பிரதாயத்தைத் தாங்களே ஏற்படுத்தி, அதுவே இந்தத் தொழிலின் தர்மமென்று உலகத்துக்கெல்லாம் உபதேசமும் செய்து வந்தவர்கள், அந்தத் தர்மத்தைத் தங்கள் வீட்டிலேயே கைவிட்டுவிட்டு, கைவிடவில்லை என்று சாதிக்கும்போதுதான் வாசகனுக்குக் கோபம் வருகிறது. அமெரிக்காவில் நடந்திருப்பது இதுதான். கேலப் ஸ்தாபனம் நெடுங்காலமாக எடுத்துவரும் கணக்கின்படி, 1976-ஆம் ஆண்டில், அதாவது வாட்டர்கேட் விவகாரத்தில் ஒரு ஜனாதிபதியைப் பதவி இழக்கச் செய்த கீர்த்தி பத்திரிகைகளுக்கு இன்னும் மங்காதிருந்த காலத்தில், அவற்றிடம் நம்பிக்கை வைத்திருந்த அமெரிக்கர்கள் நூற்றுக்கு 72 பேர். 2025-இல் 28 பேர். குடியரசுக் கட்சியினரை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால், வெறும் 8 பேர்.

இதை எழுதுகிறவன் மரபில் பிடிப்புள்ளவன். பெரியவர்கள் பாடுபட்டு உண்டாக்கிய ஸ்தாபனங்களை ஆத்திரத்தில் இடித்துவிடக் கூடாது என்கிற கட்சி. ஆகவே அமெரிக்க மரபுவாதிகளின் குறையை அனுதாபத்தோடு கேட்கிறேன். அது முக்காலும் வாஸ்தவமானது என்றே கருதுகிறேன். அதிகாரம் கைக்கு வந்த பிறகு அவர்கள் அதற்குத் தேடிக்கொண்ட பரிகாரந்தான் எனக்குச் சிறிதும் சம்மதமில்லாதது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் முதலாவதை ஒப்புக்கொள்ளாதவர்கள் இரண்டாவதைப் பற்றி எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் அந்தப் பக்கத்தில் ஒருவரும் செவிகொடுக்கப் போவதில்லை.

ஒரு நிமிஷப் படமும் இரண்டு மணி நேரப் படமும்

2019 ஜனவரி 18-ஆம் தேதி வாஷிங்டனில் லிங்கன் நினைவு மண்டபத்தின் படிகளருகே நடந்ததை எடுத்துக்கொள்வோம். கருச்சிதைவை எதிர்த்து ஆண்டுதோறும் நடக்கும் ஊர்வலத்துக்காகக் கென்டக்கி மாநிலத்துக் கத்தோலிக்கப் பள்ளியொன்றிலிருந்து வந்திருந்த மாணவர்கள், ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். சிலர் தலையில் டிரம்ப்பின் சிவப்புத் தொப்பி. பூர்வகுடி முதியவர் ஒருவர் மேளம் கொட்டிப் பாடிக்கொண்டு அவர்கள் நடுவே வந்தார். ஒரு மாணவன் அவருக்கு எதிரே அசையாமல், முகத்தில் ஒரு புன்சிரிப்போடு நின்றான். ஏறக்குறைய ஒரு நிமிஷ நேரமே ஓடும் ஒரு படம் வெளியாயிற்று. சிறுவர்கள் கும்பலாகச் சூழ்ந்துகொண்டு ஒரு கிழவரை அவமதித்தார்கள் என்று மறுநாளே தேசமெங்கும் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. பையனின் பள்ளியை நிர்வகிக்கும் கத்தோலிக்க மறைமாவட்டமே பயந்துபோய்க் கண்டன அறிக்கை விட்டது. அதற்கு அடுத்த நாள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும் இன்னொரு படம் வெளிப்பட்டபோது, அந்தச் சிறுவர்களை முதலில் காது கூசும்படி ஏசிக்கொண்டிருந்தவர்கள் வேறொரு சிறு மதக் கூட்டத்தார் என்பதும், முதியவரே சிறுவர்களை நோக்கி நடந்து வந்தார் என்பதும் பிரத்தியட்சமாகத் தெரிந்தன. மறைமாவட்டம் மன்னிப்புக் கேட்டது. அந்த மாணவன் தொடுத்த வழக்குகளில் சி.என்.என். 2020 ஜனவரியிலும் வாஷிங்டன் போஸ்ட் அதே ஆண்டு ஜூலையிலும் சமரசம் செய்துகொண்டன. மற்றப் பத்திரிகைகள் பலவற்றின் மேல் தொடுத்த வழக்குகள் பின்னர் தள்ளுபடியாயின என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

இதில் பொய் எழுதியவர்கள் யாருமில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். படம் மெய்யானது, அது எங்கே தொடங்குகிறது என்று விசாரிக்க வேண்டுமென்ற எண்ணம் மட்டும், எதையும் இரண்டு தடவை விசாரிப்பதே பிழைப்பாக உள்ள நூற்றுக்கணக்கான அனுபவசாலிகளில் பெரும்பாலோருக்கு உதிக்கவில்லை. சிவப்புத் தொப்பியைக் கண்டதும் மிச்சக் கதை அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பட்சபாதம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

2020 ஜூன் மாதத்தில் நியூயார்க் டைம்ஸில் நடந்தது இதைவிடக் கனமான விஷயம். மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்ற அநியாயத்துக்குப் பிறகு, ஊர் ஊராகக் கிளர்ச்சி மூண்டு, சில இடங்களில் தீவைப்பும் கொள்ளையுமாக முடிந்தது. கலகக்காரர்களை அடக்க ராணுவத்தை அனுப்ப வேண்டும் என்று, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் படையில் பணிபுரிந்தவரும் அர்க்கன்ஸா மாநிலத்து செனட்டருமான டாம் காட்டன் எழுதிய கட்டுரை, ஜூன் 3-ஆம் தேதி அப்பத்திரிகையின் அபிப்பிராயப் பகுதியில் பிரசுரமாயிற்று. யோசனை கடுமையானதுதான், எனக்கும் அது உசிதமாகத் தோன்றவில்லை. ஆனால் அது அந்நாட்டுச் சட்டத்துக்குப் புதிதன்று. 1807-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் 1992-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு மூத்த புஷ் அவ்வாறே ராணுவத்தை அனுப்பினார். இருந்தும், அந்தக் கட்டுரையைப் பிரசுரித்ததால் தங்கள் சகாக்களில் கறுப்பினத்தவர்களின் உயிருக்கே அபாயம் நேர்ந்துவிட்டதென்று பத்திரிகையின் ஊழியர்கள் பலர் பகிரங்கமாக அறிவித்தார்கள். முதலில் ஆசிரியர் பக்கம் நின்ற பத்திராதிபர் பிறகு பின்வாங்கினார்; கட்டுரை தங்கள் தரத்துக்கு ஏற்றதன்று என்று அதன் தலைமேலேயே ஒரு குறிப்பு ஏறிற்று; அபிப்பிராயப் பகுதியின் ஆசிரியர் ஜேம்ஸ் பென்னெட் ஜூன் 7-ஆம் தேதி ராஜிநாமாச் செய்தார்.

இதே பகுதியில், இதே பென்னெட்டின் பொறுப்பில், நான்கு மாதங்களுக்கு முன்னர் அதே ஆண்டு பிப்ரவரியில் கட்டுரை எழுதியிருந்த இன்னொருவர் தாலிபான் இயக்கத்தின் துணைத் தலைவர் சிராஜுதீன் ஹக்கானி. அமெரிக்க சர்க்கார் விலை வைத்துத் தேடிக்கொண்டிருந்த ஆள். அதற்காக யாரும் வேலையை விட வேண்டியிருக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் வீடுகளில் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இவையெல்லாம் சதியாலோசனையின் பலன் என்று சில மரபுவாதிகள் சொல்வது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. என்.பி.ஆர். என்னும் பொதுஜன வானொலியில் இருபத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்த ஊரி பெர்லினர் 2024 ஏப்ரலில் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் அதிக வெளிச்சம் தருகிறது. அமெரிக்காவில் பல இடங்களில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளும்போதே இன்ன கட்சி என்றும் எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியலை எவரும் பார்க்கலாம். பெர்லினர் பார்த்தார். வாஷிங்டன் தலைமையகத்தின் செய்திப் பகுதியில் ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர்கள் 87 பேர். குடியரசுக் கட்சியில் ஒருவருமில்லை. அந்தக் கணக்கை மறுத்து, தாம் எந்தக் கட்சியிலும் பதியாதவர் என்று அங்கேயே பணியாற்றும் ஸ்டீவ் இன்ஸ்கீப் பதில் எழுதினார். மறுத்தவர்களும், குடியரசுக் கட்சியின் பத்தியில் சேர்க்க ஒரு பெயரைக் காட்டவில்லை. பெர்லினர் மரபுவாதியல்லர், டிரம்ப்புக்கு எதிராக வாக்களித்தவர் என்பது இங்கே ஞாபகத்தில் இருக்கட்டும். அவருக்குக் கிடைத்தது சம்பளமில்லாத ஐந்து நாள் தற்காலிக நீக்கம். சில நாட்களில் அவரே விலகிவிட்டார்.

வாஷிங்டன் நகரமோ தேர்தலுக்குத் தேர்தல் நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிக்கிற ஊர். அங்கே குடியிருந்து, ஒரே மாதிரியான கலாசாலைகளில் படித்து, ஒரே மாதிரியான விருந்துகளில் பேசிக்கொண்டிருக்கும் மனிதர்கள், தங்கள் அபிப்பிராயத்தை அபிப்பிராயமென்றே அறியாமல், அதுதான் உலகம் என்று எண்ணிவிடுவதற்குச் சதி எதுவும் தேவையில்லை. அந்த மேசைகளிலிருந்து கிளம்பும் செய்திகளே ஏஜென்சி மூலமாக நம் நாளிதழ்களின் மேசைக்கும் வந்து சேருகின்றன. அவற்றை அவசர அவசரமாகத் தமிழாக்குகிற உதவி ஆசிரியருக்கு, செய்தியிலிருந்து சார்பைப் பிரித்தெடுக்க நேரமுமில்லை, அது அவர் வேலையுமில்லை. அன்றியும் நாம் மட்டும் யோக்கியம் என்று சொல்லிக்கொள்வதற்கில்லை. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனாரின் ஊர் என்ற ஒரே காரணத்தால் அமெரிக்கத் தேர்தலில் அவர் ஜயிக்க வேண்டுமென்று அவ்வூர்க் கோயிலில் அர்ச்சனை நடந்தபோது, அதை எழுதிய நம் நிருபர்களில் எத்தனை பேர் அவருடைய கொள்கை என்ன என்று ஒரு வரி எழுதினார்கள்?

புண்படும் மனம்

மனம் புண்படாமல் பேச வேண்டும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பிறன் குலத்தையும் அங்கஹீனத்தையும் சுட்டிப் பேசலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவந்த மரியாதையைத்தான் இன்று நவீனச் சித்தாந்தமாகக் கலாசாலைகளில் போதிக்கிறார்கள். ஆகவே மரபுவாதி என்று சொல்லிக்கொண்டு வேண்டுமென்றே முரட்டு வார்த்தை பேசித் திரிகிறவர்களுக்கு மரபு என்ன என்பதே தெரியாது என்பேன். மரியாதை பேசுகிறவனின் மனத்திலிருந்து வருவது. கேட்கிறவன் புண்பட்டேன் என்று சொன்ன மாத்திரத்தில், விசாரணையில்லாமல் பேசினவனுக்குத் தண்டனை விதிக்கிற ஏற்பாடு வேறு. அதில் புண்பட்டவனே வாதி, அவனே நீதிபதி. புண்ணின் ஆழத்தை அளப்பதற்கு வேறு கோலும் கிடையாது.

அட்லாண்டிக்குக்கு இந்தப் புறத்தில் 2023 பிப்ரவரியில் நடந்த வேடிக்கையொன்று உண்டு. குழந்தைகளுக்குக் கதை எழுதிய ரோல்ட் டாலின் நூல்களை, அவர் காலமாகி முப்பது ஆண்டுகளுக்குப் பின், பஃபின் பிரசுராலயத்தார் நூற்றுக்கணக்கான இடங்களில் திருத்தியிருந்தார்கள் என்பது வெளிப்பட்டது. குண்டன் குண்டனாக இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். மெடில்டா என்ற சிறுமி எந்தெந்த ஆசிரியரைப் படித்தாள் என்கிற இடத்திலே கான்ராடை எடுத்துவிட்டு ஜேன் ஆஸ்டினையும், கிப்ளிங்கை எடுத்துவிட்டு ஸ்டைன்பெக்கையும் வைத்திருந்தார்கள். கிப்ளிங்கின் சாம்ராஜ்ய மோகம் இந்தியர்களாகிய நமக்குத் தெரியாததன்று. புண்படுவதாயிருந்தால் முதலில் புண்பட வேண்டியவர்கள் நாம். ஆனால் ஒரு சிறுமி அவரைப் படித்தாள் என்ற தகவலை நமக்காக யாரும் அழிக்கச் சொல்லவில்லை. சல்மான் ருஷ்டி முதலியோர் கண்டித்தபின், பழைய பாடத்தையும் தனியே அச்சில் வைத்திருப்பதாகப் பிரசுராலயத்தார் அறிவித்தார்கள்.

இந்தக் கூத்தையெல்லாம் கண்டு வெறுப்படைந்த வாக்காளர்கள் வாக்குச்சாவடியில் தங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னார்கள். 2025 ஜனவரியில் டிரம்ப் மீண்டும் ஜனாதிபதியானார். பேச்சுச் சுதந்திரத்தை மீட்டுத் தருவதாக முதல் நாளே ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அதே நாளில் கையெழுத்திட்ட இன்னோர் உத்தரவின் மூலம் மெக்ஸிகோ வளைகுடாவுக்கு அமெரிக்க வளைகுடா என்று பெயர் மாற்றினார். பழைய பெயரையே தொடர்ந்து எழுதுவோம் என்ற அசோசியேட்டட் பிரஸ் ஏஜென்சியின் நிருபர்களைப் பிப்ரவரியில் ஜனாதிபதி மாளிகையின் முக்கிய நிகழ்ச்சிகளுக்குள் விடாமல் தடுத்தார்கள். இன்ன சொல்லைத்தான் உபயோகிக்க வேண்டும், மீறினால் வாசலுக்கு வெளியே! நியூயார்க் டைம்ஸின் இளம் ஊழியர்கள் செய்ததற்கும் இதற்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம், அவர்களுக்குப் பின்னால் ராஜாங்கம் இல்லை என்பது ஒன்றே. டிரம்ப்பாலேயே நியமிக்கப்பட்ட நீதிபதி மக்ஃபேடன் ஏப்ரலில் இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். ஜூன் மாதம் மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை நிறுத்தி வைத்தது.

செப்டம்பரில் விஷயம் இன்னும் முற்றியது. மரபுவாத இளைஞர்களின் தலைவராக விளங்கிய சார்லி கர்க் சுட்டுக் கொல்லப்பட்ட துக்கத்தில் தேசமே கலங்கியிருந்த சமயத்தில், ஜிம்மி கிம்மல் என்ற தொலைக்காட்சி விகடர், கொலையாளியைப் பற்றி டிரம்ப் கட்சியினரைக் குத்திக்காட்டி ஏதோ சொன்னார். சொன்னது ரசனைக் குறைவு, அதிலே சந்தேகமில்லை. ஒலிபரப்புக்கெல்லாம் லைசென்ஸ் வழங்கும் கமிஷனின் தலைவர் பிரெண்டன் கார், கம்பெனிகள் தாமாகவே நடவடிக்கை எடுக்காவிட்டால் கமிஷன் எடுக்க வேண்டியிருக்கும் என்ற பொருள்பட ஒரு பேட்டியில் பேசினார், அன்றைக்கே ஏ.பி.ஸி. அந்த நிகழ்ச்சியை நிறுத்தி வைத்தது. சுமார் ஒரு வாரத்தில் திரும்பவும் தொடங்கியது. இதில் மரபுவாதி பேச வேண்டியதைப் பேசியவர் டெக்ஸாஸ் மாநில செனட்டர் டெட் குரூஸ் ஒருவர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. கிம்மலின் பேச்சு தமக்கு அருவருப்பானது என்று முதலில் சொல்லிவிட்டு, காரின் பேச்சை ரவுடிப் படங்களில் வரும் மிரட்டலோடு ஒப்பிட்டு, நாளை ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வரும்போது இதே அதிகாரம் நம்மேல் பாயும் என்று அவர் தம் கட்சிக்காரர்களை எச்சரித்தார்.

அலாஸ்காவுக்கு விழுந்த அடி

பெர்லினர் காட்டிய 87 பேருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதையும் பார்த்துவிடலாம். பொது ஒலிபரப்புக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கென்று ஒதுக்கியிருந்த ஏறக்குறைய 110 கோடி டாலரைத் திரும்பப் பெறும் மசோதா 2025 ஜூலையில் செனட்டில் விவாதத்துக்கு வந்தது. வாஷிங்டனில் உள்ள என்.பி.ஆர். தலைமையகத்துக்கு நேரடியாகக் கிடைக்கும் சர்க்கார் பணம் அதன் வருமானத்தில் நூற்றுக்கு ஒன்று அளவே. நகரத்துச் சந்தாதாரர்களும் தர்மஸ்தாபனங்களும் அதைத் தாங்கிக்கொள்வார்கள். சர்க்கார் பணத்தை நம்பி வாழ்ந்தவை, வேறு வானொலியே எட்டாத கிராமாந்தரங்களிலும் பூர்வகுடிகளின் பிரதேசங்களிலும் உள்ள சிறு நிலையங்கள். விவாதம் நடந்துகொண்டிருந்த ஜூலை 16-ஆம் தேதி அலாஸ்காக் கரையோரத்தில் 7.3 அளவுள்ள பூகம்பம் உண்டாகி, சுனாமி எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. தம் மாநிலத்தில் கரையோர மக்களுக்கு அந்த எச்சரிக்கையைக் கொண்டு சேர்ப்பவை இந்த நிலையங்களே என்று குடியரசுக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் லிசா முர்கௌஸ்கி எடுத்துக் காட்டினார். மறுநாள் விடியற்காலையில் மசோதா செனட்டில் 51-க்கு 48 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அலாஸ்காவோ 1964-க்குப் பிறகு ஜனாதிபதித் தேர்தலில் ஒரு தடவைகூட ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்காத மாநிலம்.

வாஷிங்டன் பேட்டையில் இருக்கிறவர்களைத் திருத்துவதாகச் சொல்லித் தன் வாக்காளனின் வானொலியை அணைப்பதை என்னவென்று சொல்வது?

ரேகன் போடாத கையெழுத்து

இந்தக் குறை இன்று நேற்றைய குறையன்று. 1969 நவம்பரில் துணை ஜனாதிபதி ஸ்பைரோ ஆக்னியூ டெமாய்ன் நகரில் பேசியபோதே, நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் உள்ள விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் தேசம் எதைக் கேட்க வேண்டுமென்று தீர்மானிக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். (அவர் பின்னால் வருமான வரி விவகாரத்தில் சிக்கிப் பதவி இழந்தார் என்பதனால் சொன்னது பொய்யாகிவிடாது.) அதற்கும் முன்னால், 1955-லேயே, வில்லியம் பக்லி என்ற இருபத்தொன்பது வயது இளைஞர், பிறர் பத்திரிகையை நொந்துகொண்டு உட்கார்ந்திராமல் நேஷனல் ரிவியூ என்று தாமே ஒன்றைத் தொடங்கினார். 1988-இல் ரஷ் லிம்பாவின் வானொலி தேசமெங்கும் கேட்கத் தொடங்கியது. 1996-இல் ஃபாக்ஸ் நியூஸ் வந்தது. அந்த வழி நேரானது, அதில் மரபுவாதிகள் அமோகமாக ஜயித்தும் இருக்கிறார்கள். ஜயித்த இடத்தில் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று கேட்டால், 2020 தேர்தலில் வாக்கு யந்திரங்கள் மோசடி செய்தன என்ற கட்டுக்கதையை ஒலிபரப்பியதற்காக 2023 ஏப்ரலில் டொமினியன் கம்பெனிக்கு 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்துத்தான் ஃபாக்ஸ் வழக்கிலிருந்து மீண்டது. பட்சபாதம் ஒரு கட்சியின் ஏகபோகம் அல்ல.

லிம்பாவுக்கு வழி திறந்தது எது என்பதைத்தான் இன்றைய மரபுவாதிகள் மறந்துவிட்டார்கள். சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரு தரப்புக்கும் இடம் கொடுக்க வேண்டுமென்று ஒலிபரப்பாளர்களைக் கட்டாயப்படுத்தும் விதியொன்று 1949 முதல் அமெரிக்காவில் இருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், கென்னடி, ஜான்சன் காலத்து ஜனநாயகக் கட்சியினர் வலதுசாரி வானொலிகளைத் தொல்லைப்படுத்த அதைப் பயன்படுத்தினார்கள். நிக்ஸன் காலத்திலோ, வாட்டர்கேட்டைத் துப்புத் துலக்கிய வாஷிங்டன் போஸ்டுக்குச் சொந்தமான ஃபுளோரிடா தொலைக்காட்சி நிலையங்களின் லைசென்ஸுக்கே எதிராக அவருடைய அபிமானிகள் மனுப் போட்டார்கள். யார் ஆட்சியில் இருந்தார்களோ அவர்கள் கையில் அது ஆயுதமாயிற்று. அந்த விதியை நிரந்தரச் சட்டமாக்கும் மசோதா 1987 ஜூனில் ரேகனின் மேசைக்கு வந்தபோது, அது நமக்கல்லவா பாதுகாப்பு, விட்டுவிடாதீர்கள் என்று மன்றாடிய மரபுவாதிகளும் இருந்தார்கள். ஃபாக்ஸ் நியூஸ் அப்போது கிடையாது, தேசமெங்கும் எட்டும் லிம்பாவும் கிடையாது, மூன்று பெரிய தொலைக்காட்சிக் கம்பெனிகளும் தங்களுக்கு விரோதமானவை என்றே அவர்கள் நம்பினார்கள். பத்திரிகையாளன் நியாயமாக நடக்கிறானா என்று பார்ப்பது சர்க்காரின் வேலையன்று என்ற கொள்கையில் நின்று, ரேகன் அந்த மசோதாவில் கையெழுத்திட மறுத்தார்; ஆகஸ்டில் ஒலிபரப்பு லைசென்ஸ் கமிஷன் அந்த விதியையே ரத்து செய்தது. அவர் செய்ததே சரி. இன்று அவருடைய படத்தை அலுவலகச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு லைசென்ஸைக் காட்டி மிரட்டுகிறவர்கள் செய்வது தவறு.